ரெட்வுட் பழங்காட்டுக்கும் கடற்கரைக்கும் குடும்பத்தோடு ஒரு பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடலை ஒட்டி நிற்கும் ரெட்வுட் காடுகளுக்குக் குடும்பத்தோடு செல்ல நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, விடைகளையும் எழுதியிருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் காட்டில் குறைவான இடங்களுக்குப் போய், ஒவ்வோர் இடத்திலும் நீண்ட நேரம் இருப்பவர்களே நிறைவோடு திரும்புகிறார்கள். கீழே உள்ள விடைகள் பலவும் அந்த எண்ணத்திலிருந்தே பிறந்தவை.

இது ஒரே பூங்காவா, பல பூங்காக்களா?

நான்கு பூங்காக்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. 1968இல் அமைக்கப்பட்ட ரெட்வுட் தேசியப் பூங்காவும், அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உருவான பிரெய்ரி கிரீக், டெல் நோர்ட்டே கோஸ்ட், ஜெடிடையா ஸ்மித் ஆகிய மூன்று மாநிலப் பூங்காக்களும் 1994 முதல் கூட்டாகப் பராமரிக்கப்படுகின்றன. வடக்கே கிரெசன்ட் சிட்டி முதல் தெற்கே ஓரிக் என்ற சிற்றூர் வரை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு இவை விட்டுவிட்டுப் பரவியிருக்கின்றன. நடுவில் தனியார் நிலங்களும் ஊர்களும் வரும். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,39,000 ஏக்கர். கடற்கரை மட்டும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1980இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. தேசியப் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மாநிலப் பூங்காக்களின் சில பகுதிகளில் மட்டும் வண்டிக்குக் கட்டணம் வாங்குவார்கள்.

செக்கோயா பூங்காவில் பெரிய மரங்களைப் பார்த்துவிட்டோம். இதுவும் அதுவும் ஒன்றுதானே?

இரண்டும் உறவினம், ஆனால் வேறு வேறு மரங்கள். சியரா நெவாடா மலைத்தொடரில் நிற்கும் பெருஞ்செக்கோயா பருமனில் பெரியது. கடலோரத்தில் நிற்கும் ரெட்வுட் உயரத்தில் பெரியது. உலகில் இன்று உயிரோடு நிற்கும் மரங்களில் மிக உயரமானவை இந்த இனத்தவைதாம். 100 மீட்டரைத் தாண்டிய மரங்கள் இந்தப் பூங்காவில் பல உண்டு. திருவரங்கத்து ராஜகோபுரம் 72 மீட்டருக்குச் சற்று மேல் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த உயரம் என்னவென்று பெரியவர்களுக்கு உடனே பிடிபடும்.

மலைமேல் உள்ள செக்கோயாத் தோப்புகளில் குளிர்காலத்தில் பனி கொட்டும், கோடையில் வெயில் நன்றாக உறைக்கும். இங்கே இரண்டும் அரிது. பெரணிகளும் பாசியும் மூடிய ஈரக்காடு இது. வெளிச்சம்கூடப் பச்சையாகத் தெரியும். ஆகவே அதைப் பார்த்தவர்கள் இதைப் பார்க்க வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

இவ்வளவு உயரமான மரங்கள் கடலோரத்தில் மட்டும் வளர்வது ஏன்?

இந்தப் பயணத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இப்பகுதியில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பெய்கிறது. கோடை மாதங்களில் மழை அநேகமாக இல்லை. அந்த வறண்ட மாதங்களில் கரையோரக் கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அதன்மேல் படிந்து குளிர்ந்து மூடுபனியாகிறது. உள்நாட்டின் வெப்பம் அதனைக் கரைக்கு இழுக்கிறது. அந்த மூடுபனி மரங்களின் உச்சியில் தங்கும்போது, கோடிக்கணக்கான சிறு இலைகளில் நீர்த்துளிகள் சேர்ந்து, சொட்டுச் சொட்டாக வேரடிக்கு இறங்குகின்றன. இலைகளும் அந்த ஈரத்தை நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. ரெட்வுட் காடு ஓராண்டில் பெறும் நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை மூடுபனியிலிருந்தே கிடைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோடைக் காலையில் வானத்தில் மழைமேகம் ஏதும் இல்லாதபோதும் மரத்தடியில் நின்றால் தலையில் துளிகள் விழும். சற்றுத் தள்ளி வெட்டவெளியில் தரை உலர்ந்தே இருக்கும்.

கடலுக்கு மிக அருகிலும் இந்த மரம் தழைக்காது. உப்புக்காற்று அதற்கு ஆகாது. கரைமேட்டில் சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் நின்று அந்தக் காற்றை வாங்கிக்கொள்ள, அவற்றின் பின்னால் பள்ளத்தாக்குகளில் ரெட்வுட் உயர்கிறது. வடக்கே ஓரிகன் மாநிலத்தின் தென்முனையிலிருந்து தெற்கே நடுக்கலிஃபோர்னியாவின் பிக் சர் வரை, கடலோரத்தை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில்தான் இந்த இனம் இயற்கையாக வளர்கிறது. காட்டுக்கு ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள் என்று பிரித்துத் திட்டமிடாமல், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

எந்த மாதத்தில் செல்வது நல்லது? எத்தனை நாள் வேண்டும்?

ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரும்பாலும் 5 முதல் 18 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும். ஜூலை மாதமென்று நம்பி அரைக்கைச் சட்டையோடு வருபவர்கள் கடற்கரையில் நடுங்கிப்போவார்கள். பெரியவர்களுக்கு ஸ்வெட்டர், காதுக்கு ஒரு துணி, எல்லோருக்கும் தண்ணீர் இறங்காத மேற்சட்டை ஆகியவை எந்த மாதத்திலும் கட்டாயம்.

எனக்குப் பிடித்தவை மே கடைசியும் ஜூன் தொடக்கமும். அப்போது பெருமரங்களின் அடியில் ரோடோடென்ட்ரான் செடிகள் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். செப்டம்பரில் கூட்டம் குறைந்து வானம் தெளியும். குளிர்கால மழைக்கு அஞ்சாதவர்களுக்குக் காடு வெறிச்சோடிக் கிடக்கும்; ஆனால் சில மண்சாலைகளும் நடைபாதைகளும் மூடப்பட்டிருக்கும்.

முழுமையாக மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால், வடபகுதியையோ தென்பகுதியையோ மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றதை அடுத்த முறைக்கு விட்டுவிடுவது மேல்.

எப்படிச் செல்வது? எங்கே தங்குவது?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓரிக் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். நெடுஞ்சாலை 101 வழியாக ஆறு மணி நேர ஓட்டம். குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால், அதை ஒரே மூச்சில் ஓட்டாமல் வழியில் ஒரு நாள் தங்குங்கள். வழியிலேயே ஹம்போல்ட் ரெட்வுட் மாநிலப் பூங்காவும் அதனூடாகச் செல்லும் அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ் என்ற பழைய சாலையும் இருக்கின்றன. யுரீக்கா நகரின் விலங்குக் காட்சியகத்தில், மரங்களுக்கு இடையே தொங்கும் உயர்நடைபாதை ஒன்றை 2021இல் திறந்தார்கள். வண்டியில் அடைபட்டுச் சோர்ந்த பிள்ளைகளுக்கு அது நல்ல இளைப்பாறல்.

பூங்காவுக்குள் பெரிய விடுதிகள் கிடையாது. கிரெசன்ட் சிட்டி, கிளமத், டிரினிடாட், ஆர்கேட்டா, யுரீக்கா ஆகிய ஊர்களில் அறைகள் கிடைக்கும். கூடாரம் போட விரும்புவோருக்கு நான்கு முகாம்கள் உள்ளன. ஜெடிடையா ஸ்மித் முகாமிலும் எல்க் பிரெய்ரி முகாமிலும் சில சிறு மரவீடுகளும் உண்டு. கோடைக்கு இவற்றைப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கிளமத்துக்கும் கிரெசன்ட் சிட்டிக்கும் நடுவே, லாஸ்ட் சான்ஸ் கிரேடு என்று அழைக்கப்படும் சாலைப்பகுதி ஓயாத நிலச்சரிவால் அவ்வப்போது பழுதுபார்க்கப்படும். அங்கே காத்திருக்க நேரலாம். விமானம் பிடிக்க வேண்டிய நாளில் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பெரும்பாலான இடங்களில் கைபேசி அலைவரிசை கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்வதும், ஊரைவிட்டுக் கிளம்பும் முன் பெட்ரோல் நிரப்பிக்கொள்வதும் அவசியம்.

ஒரேயொரு தோப்பைத்தான் பார்க்க முடியும் என்றால் எங்கே போகலாம்?

தயங்காமல் ஸ்டௌட் தோப்பு என்று சொல்வேன். கிரெசன்ட் சிட்டிக்கு அருகில், ஹௌலண்ட் ஹில் என்ற மண்சாலையில் மெதுவாக ஊர்ந்து சென்று சேர வேண்டிய இடம் அது. சாலை மிகக் குறுகலானது. இருபுறமும் அடிமரங்கள் வண்டிக் கண்ணாடியை உரசுவதுபோல் நெருங்கி நிற்கும். அந்தப் பயணமே பாதிக் காட்சி. ஸ்மித் ஆறு பெருக்கெடுக்கும் காலங்களில் இந்தத் தோப்புக்குள் புகுந்து வண்டலைப் படியவிட்டுச் செல்கிறது. அதனால் புதர்கள் அடர்ந்து மண்டுவதில்லை. அடி முதல் நுனி வரை மரத்தை முழுமையாகக் காண முடிகிறது. பிற்பகலில் மேற்கு வெயில் சாய்வாக உள்ளே வரும் நேரம் மிக அழகானது. வட்டப்பாதை ஒரு கிலோமீட்டரைவிடக் குறைவு. ஆனால் ஒரு மணி நேரமாவது அங்கே ஒதுக்குங்கள். மரம்வெட்டுத் தொழிலால் செல்வரான ஃபிராங்க் ஸ்டௌட் என்பவரின் நினைவாக, அவருடைய மனைவி கிளாரா 1929இல் கோடரியிலிருந்து காத்துக் கொடையாக அளித்த தோப்பு இது.

தென்பகுதியில் தங்குபவர்களுக்கு லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு. அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 365 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின்மேல் இருப்பதால், மூடுபனி அதிலேயே வந்து தங்கும். கீழே சாலையில் வெயிலடிக்கும் காலையில்கூட மேலே மரங்கள் பாதிவரை மறைந்து நிற்பதைக் காணலாம். ஒரு மரப்பாலத்தைக் கடந்து தொடங்கும் அதன் வட்டப்பாதை 2.4 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம்.

உலகின் மிக உயரமான மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

முடியாது, முயலவும் கூடாது. ஹைப்பீரியன் என்று பெயரிடப்பட்ட அந்த மரம் 2006இல் கண்டறியப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 116 மீட்டர். அங்கே செல்ல நடைபாதை கிடையாது. ஆர்வத்தால் புதர்களை மிதித்துக்கொண்டு போனவர்களால் அதன் அடியில் பெரணிகள் அழிந்து மண் இறுகிப்போனது, குப்பையும் சேர்ந்தது. ரெட்வுட்டின் வேர்கள் சில மீட்டர் ஆழத்துக்குமேல் போவதில்லை. அவை பக்கவாட்டில் 30 மீட்டர் வரைகூடப் பரவி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டு நிற்கின்றன. மேல்மண் மிதிபட்டு இறுகினால் நீரும் காற்றும் அந்த வேர்களுக்குச் சேராது. ஆகவே 2022இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம்.

கீழிருந்து பார்ப்பவருக்கு 116 மீட்டருக்கும் 105 மீட்டருக்கும் வேறுபாடு தெரியாது. உயரமான மரங்களின் ஊடே நடக்க விரும்பும் உடல்வலுவுள்ளவர்கள் டால் ட்ரீஸ் தோப்புக்குச் செல்லலாம். 1963இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கத்தினர் அன்றைய அறிவில் உலகின் உயரமான மரத்தை அங்கேதான் அளந்தார்கள். ஐந்தாண்டு கழித்து இந்தத் தேசியப் பூங்கா பிறந்ததற்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம். அங்கே செல்ல இணையத்தில் இலவச அனுமதி பெற வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு உண்டு. போகும்போது நெடுக இறக்கம், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம் என்பதை மறவாதீர்கள்.

வடக்கே, ஜெடிடையா ஸ்மித் பூங்காவில் உள்ள குரோவ் ஆஃப் டைட்டன்ஸ் என்ற இடமும் ஒரு காலத்தில் இப்படி மிதிபட்டதுதான். அங்கே மரங்களின் வேர்களுக்கு மேலே உயர்த்திய நடைமேடை அமைத்து, மக்களும் பார்க்கலாம், மரமும் பிழைக்கலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். இந்தப் பூங்காவில் எனக்கு மிகவும் மனநிறைவு தரும் வேலைப்பாடு அது.

ஃபெர்ன் கேன்யனுக்கு அனுமதி தேவையா?

மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் 15 வரை வண்டிக்கு முன்பதிவு அனுமதி வேண்டும். அனுமதி இலவசம், அந்தக் கடற்கரைப் பகுதிக்கான நாள் கட்டணம் தனி. நல்ல தேதிகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், பயணத் தேதியை முடிவு செய்தவுடன் முதல் வேலையாக இதைப் பதிவு செய்யுங்கள். விதிகளும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறக்கூடும். பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோல்ட் பிளஃப்ஸ் கடற்கரையை ஒட்டி, ஓர் ஓடை அறுத்துச் சென்ற இடுக்கான பள்ளம் அது. இருபுறமும் செங்குத்தாக உயர்ந்த சுவர்கள் அடிமுதல் முடிவரை பெரணிகளால் மூடியிருக்கும். கருநிறக் காம்பில் விரல்கள்போல் விரிந்த ஐவிரல் பெரணியை அருகில் சென்று பார்க்கச் சொல்லுங்கள்; சுவரில் கசியும் நீர் ஒவ்வோர் இலைநுனியிலும் துளியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தரை முழுவதும் ஓடையும் கூழாங்கல்லும்தான். கோடையில் சிறு பலகைகளைப் பாலமாகப் போட்டிருப்பார்கள். இருந்தாலும் கால் நனையும். பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறையும் செருப்பும் கொண்டுபோங்கள். அங்கே போகும் டேவிசன் சாலை மண்சாலை. இழுவை வண்டிகளுக்கும் நீளமான வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. வழியில் ஓடையை வண்டியோடு கடக்க வேண்டியிருக்கும் என்பதால், மழைக்காலத்தில் தாழ்வான கார் வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி; அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவர்களால் எதைப் பார்க்க முடியும்?

நிறையப் பார்க்க முடியும். பிரெய்ரி கிரீக்கில் நியூட்டன் பி. டிரூரி சாலை 16 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழங்காட்டின் நடுவே செல்கிறது. வண்டியைவிட்டு இறங்காமலேயே காட்டின் மடியில் இருக்கலாம். அதே சாலையில் பிக் ட்ரீ என்ற இடத்தில், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிடத் தொலைவிலேயே ஒரு பெருமரத்தின் அடிக்குப் போய்விடலாம். வடக்கே நெடுஞ்சாலை 199 ஓரமாக உள்ள சிம்ப்சன்-ரீட் தோப்பின் பாதை சமதளமானது. ஸ்டௌட் தோப்புக்குள் இறங்கும் சரிவு மட்டும் சற்றுச் செங்குத்து. நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வலுவான ஆள் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பிரெய்ரி கிரீக் வரவேற்பு மையத்தருகே ரெவலேஷன் நடைபாதை என்ற ஒன்று இருக்கிறது. கயிற்றையும் மரக்கைப்பிடியையும் பற்றிக்கொண்டு, பட்டையைத் தடவி, ஓடையைக் கேட்டு, மண்ணை முகர்ந்து நடப்பதற்கென்றே அமைத்த பாதை. கண்பார்வை நன்றாக உள்ளவர்களும் அதில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சதூரம் நடந்து பார்க்கலாம்.

மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா?

மேலே பார்க்கச் சொன்னால் சலிக்கும். கீழே பார்க்கச் சொல்லுங்கள். ரெட்வுட்டின் காய் ஒரு பெரிய ஆலிவ் காயின் அளவுதான். அதற்குள் இருக்கும் விதை தக்காளி விதையளவு. நூறு மீட்டர் மரத்தின் அடியில் அந்தக் காயைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். காற்றில் முறிந்து விழுந்த உச்சிக்கிளை கிடைத்தால், அதன் இலை செதில்போல் தண்டோடு ஒட்டி இருப்பதையும், தாழ்ந்த கிளையின் இலை தட்டையாக இருபுறமும் விரிந்திருப்பதையும் ஒப்பிட்டுக் காட்டலாம். ஒரே மரத்தில் வெயிலுக்கும் நிழலுக்கும் இரண்டு வகை இலைகள்.

வளையமாக நெருங்கி நிற்கும் மரங்களைக் கண்டால் நடுவில் போய் நின்று பாருங்கள். அங்கே ஒரு தாய்மரம் இருந்திருக்கும். அது விழுந்த பின்னோ வெட்டுப்பட்ட பின்னோ, அதன் அடியிலிருந்து முளைத்த தளிர்கள்தாம் சுற்றிலும் மரங்களாகி நிற்கின்றன. நெருப்பு குடைந்த அடிமரங்களையும் காட்டுங்கள். உள்ளே கரி படிந்து, ஒரு குடும்பமே நிற்கும் அளவுக்குக் குகையாகியும், மேலே மரம் பசுமையாக உயிரோடு இருக்கும். ஓரடி வரை தடித்த, பிசினில்லாத பட்டைதான் அதற்குக் கவசம். ஈரமான பாதையோரங்களில், பழுத்த வாழைப்பழ நிறத்தில் விரல் நீளத்துக்கு ஊரும் ஓடில்லா நத்தையைப் பார்த்துவிட்டால் அந்த நாள் முழுக்கப் பேச்சு அதைப்பற்றியே இருக்கும். வரவேற்பு மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் பயிற்சிப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். முடித்துக் காட்டும் பிள்ளைக்கு வனக்காவலர் உறுதிமொழி வாங்கிக்கொண்டு வில்லை கொடுப்பார்.

வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாகப் போகலாம். காட்டுக்குள் கடைகள் இல்லை என்பதால், புளியோதரையும் சப்பாத்திச் சுருளும் கையில் இருப்பது நல்லதே. ஆனால் ஒரு பருக்கைகூடக் கீழே விழக்கூடாது. இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மார்பிள்ட் முர்ரெலெட் என்ற சிறு கடற்பறவை ஒன்று உண்டு. நாள் முழுவதும் கடலில் மீன் பிடித்து வாழும் அந்தப் பறவை, முட்டையிடுவதற்கு மட்டும் கிலோமீட்டர்கணக்கில் உள்ளே பறந்து பழங்காட்டுக்கு வருகிறது. கூடு கட்டுவதில்லை. முதிர்ந்த மரங்களின் அகன்ற கிளைகளில், பாசி மெத்தைமேல் ஒரே ஒரு முட்டை இடுகிறது. தாயும் தந்தையும் இருள் பிரியும் நேரத்தில் மீனைக் கவ்விக்கொண்டு வருகின்றன. குஞ்சு சிறகு முளைத்ததும் அந்தக் கிளையிலிருந்து நேரே கடலை நோக்கிப் பறக்கிறது. நாம் சிந்தும் முறுக்குத்தூளும் சோற்றுப் பருக்கையும் அண்டங்காக்கைகளையும் ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப்பறவைகளையும் முகாம்களுக்குக் கூட்டிவருகின்றன. வந்தவை மரத்தின்மேல் இருக்கும் அந்த ஒற்றை முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. அழிவின் விளிம்பில் உள்ள பறவை அது. ஆகவே விரிப்பை விரித்து உண்டு, உதறாமல் அப்படியே மடித்து, வண்டியில் வையுங்கள். பிள்ளைகளிடம் காரணத்தைச் சொன்னால் நம்மைவிட அவர்களே கவனமாக இருப்பார்கள். கருங்கரடிகளும் உள்ள காடு என்பதால், முகாமில் உணவையும் பற்பசை போன்ற மணமுள்ள பொருள்களையும் அங்குள்ள இரும்புப் பெட்டிகளில்தான் பூட்டி வைக்க வேண்டும்.

கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம். தண்ணீர் கோடையிலும் உடலை விறைக்கச் செய்யும் குளிர், அடியில் இழுப்பு பலம், பாதுகாவலர்கள் இல்லை. இவற்றைவிட ஆபத்தானது, அமைதியாக இருக்கும் கரையில் திடீரென்று வழக்கத்தைவிட மிக உயரமாக ஏறிவரும் ஒற்றைப் பேரலை. அது மரக்கட்டைகளைக்கூடப் புரட்டிக்கொண்டு வரும். கால் நனைக்க நிற்கும்போதும் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

1964 மார்ச்சில் அலாஸ்காவில் ஏற்பட்ட பெருநிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை கிரெசன்ட் சிட்டியின் நடுப்பகுதியை அழித்து, பத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஊரெங்கும் சுனாமி எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. தரை வலுவாக அதிர்ந்தாலோ, கடல் இயல்புக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். 2004க்குப் பிறகு இதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு கடற்கரையில் என்னதான் செய்வது?

கடல் உள்வாங்கும் நேரத்தைப் பார்த்துப் பாறைக்குட்டைகளுக்குப் போங்கள். கோடையில் நீர் மிகவும் தாழும் நேரம் பெரும்பாலும் விடிகாலையில் வரும். அன்றைய கடல்மட்ட அட்டவணையை வரவேற்பு மையத்தில் கேட்டால் தருவார்கள். ஊதா, செம்மஞ்சள் நிற நட்சத்திர மீன்கள் பாறையை இறுகப் பற்றியிருக்கும். பச்சை அனிமோன்கள் நீருக்குள் பூப்போல விரிந்திருக்கும். பிடுங்கவோ புரட்டவோ கூடாது. கிரெசன்ட் சிட்டியில் 1856இல் ஏற்றப்பட்ட பேட்டரி பாயின்ட் கலங்கரை விளக்கத்துக்கும் நீர் இறங்கியிருக்கும்போது மட்டுமே நடந்து செல்ல முடியும்.

கிளமத் ஆறு கடலில் கலக்குமிடத்தை மேலிருந்து காண ஒரு குன்று இருக்கிறது. சாம்பல் திமிங்கிலங்கள் டிசம்பர், ஜனவரியில் தெற்கே போகும்போதும், மார்ச், ஏப்ரலில் குட்டிகளோடு வடக்கே திரும்பும்போதும் அங்கிருந்து அவை பீய்ச்சும் நீராவியைக் காணலாம். தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

சாலையோரத்தில் மேயும் எல்க் மான்களின் அருகே நின்று படம் எடுக்கலாமா?

கூடாது. அவை பழகியவைபோல் தோன்றினாலும், ஒரு கிடா 450 கிலோ வரை எடை இருக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கிடாக்கள் மூர்க்கமாக இருக்கும். மே, ஜூனில் கன்று ஈன்ற தாய்கள் இன்னும் மூர்க்கம். 23 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. வண்டியைச் சாலையின் நடுவே நிறுத்தாமல் ஓரத்து நிறுத்துமிடத்தில் நிறுத்திப் பாருங்கள். நடைபாதையோரம் மும்மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவையுங்கள்.

இந்தக் காட்டில் முன்பு வாழ்ந்தவர்கள் யார்?

முன்பு மட்டுமன்று, இன்றும் வாழ்கிறார்கள். யுரோக், டொலோவா முதலிய தொல்குடியினரின் தாயகம் இது. கிளமத் ஆற்றங்கரையில் வாழும் யுரோக் மக்கள், விழுந்த ரெட்வுட் மரங்களைப் பிளந்து பலகைவீடுகள் கட்டினார்கள். அடிமரத்தைக் குடைந்து படகு செய்தார்கள். 1850க்குப் பின் தங்கம் தேடி வந்தவர்களும் குடியேறிகளும் அவர்களைக் கொன்றும் விரட்டியும் நிலத்தைப் பறித்தார்கள். அழகை மட்டும் சொல்லி இதை மறைப்பது நேர்மையாகாது. விவரம் புரியும் வயதுப் பிள்ளைகளிடம் இதையும் சொல்ல வேண்டும்.

நூற்றாண்டுக்கு மேலாக இவ்வானத்தில் காணாமற்போயிருந்த கலிஃபோர்னியா காண்டார் கழுகை, 2022இல் யுரோக் மக்களும் பூங்காவினரும் சேர்ந்து மீண்டும் பறக்கவிட்டார்கள். கிளமத் ஆற்றின் மேல்பகுதியில் சால்மன் மீன்களின் வழியை மறித்திருந்த நான்கு அணைகள், அம்மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2024இல் முழுமையாக அகற்றப்பட்டன; அந்த இலையுதிர்காலத்திலேயே சால்மன்கள் மேலே ஏறின.

பார்ப்பது எல்லாமே பழங்காடுதானா? நினைவாக ஒரு சிறு மரத்துண்டு எடுத்துவரலாமா?

இரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்பதே விடை. ஒரு காலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கரில் நின்ற முதிர்ந்த ரெட்வுட் காட்டில், இன்று 5 விழுக்காடு அளவே எஞ்சியிருக்கிறது. இந்தப் பூங்காக்களுக்குள்ளும் வெட்டுப்படாத காடு ஏறத்தாழ 40,000 ஏக்கர்தான். 1978இல் பூங்காவை 48,000 ஏக்கர் விரிவாக்கியபோது சேர்ந்த நிலத்தின் பெரும்பகுதி, ஏற்கெனவே மொட்டையடிக்கப்பட்டு, லாரிச் சாலைகளால் கிழிபட்ட நிலம். அந்தச் சாலைகளை அகற்றி, மண்ணைப் பழைய சரிவுக்கு மீட்டு, நெருக்கமாக முளைத்த இளமரங்களைக் களைந்து, காட்டை மறுபடி காடாக்கும் பணி இன்றும் நடக்கிறது. வண்டியில் போகும்போது, ஒரே பருமனில் குச்சிகுச்சியாக நெருங்கி நிற்கும் மரங்களையும், உடனே அடுத்து வரும் பெருமரங்களையும் ஒப்பிட்டால் எது எதுவென்று நீங்களே அடையாளம் காணலாம்.

எடுத்துவருவதைப் பொறுத்தவரை, காய், பெரணி, பட்டை எதையும் எடுக்கக்கூடாது. அடிமரத்தில் புடைத்திருக்கும் முண்டுகளை மேசைக்கும் கைவினைக்குமாக அறுத்துத் திருடுகிறவர்கள் பெருகியதால், 2014இல் டிரூரி சாலையையே இரவு நேரத்தில் மூடத் தொடங்கினார்கள். அந்த முண்டுகளிலிருந்துதான் மரம் மறுபடி துளிர்க்கும். சாலையோரக் கடைகளில் முண்டில் செய்த பொருள்களை வாங்க ஆசைப்பட்டால், மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடைக்காரரால் தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால் வாங்க வேண்டாம்.